ஒரே பஞ்சாயத்துக்குள் போக கேரளாவை சுற்றணும்! குரங்கணி மலை கிராமங்கள் எந்த கணக்கில் சேரும்?

போடி:

போடி ஊராட்சி ஒன்றியத்தில் மொத்தம் 15 ஊராட்சிகள் உள்ளன. 13 ஊராட்சிகளுக்கு பஸ்சோ, ஆட்டோவோ பிடித்து போய் வந்து விடலாம். மலை மேல் இருக்கும் கொட்டகுடி, அகமலை ஊராட்சிகளின் கதை வேறு. அதிலும் கொட்டகுடி ஊராட்சியை வரைபடத்தில் பார்த்தால் ஒரே துண்டு நிலம். நேரில் போய் பார்த்தால் மூன்று தனித்தனி தீவு மாதிரி கிடக்கிறது.

அடிவாரத்தில் கொட்டகுடி, குரங்கணி. இந்த ஊர்களுக்கு ரோடு உண்டு, பஸ் உண்டு. போடியில் இருந்து குரங்கணி 16 கிலோ மீட்டர்தான். குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் சென்ட்ரல் ஸ்டேஷன், முதுவாக்குடி. இங்கே கால்நடைதான். அதற்கும் மேலே, மலை உச்சியில் கேரள எல்லையை ஒட்டி டாப் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் 7 ஆயிரம் அடிக்கு மேல் கொழுக்குமலை தேயிலை தோட்டம்.

இதில் டாப் ஸ்டேஷனும் கொழுக்குமலையும் தமிழ்நாட்டு ஊர்கள், தேனி மாவட்டம், போடி தாலுகா. ஆனால் அங்கே வண்டியில் போக தமிழ்நாட்டுக்குள் வழியே கிடையாது.

100 கிலோ மீட்டர் சுற்று

கணக்கு போட்டு பாருங்கள். டாப் ஸ்டேஷனில் இருக்கும் ஒருவர் போடி தாலுகா ஆபீசுக்கு ஒரு சான்றிதழ் வாங்க வரணும். முதலில் கேரளாவுக்குள் 32 கிலோ மீட்டர் போய் மூணாறை பிடிக்கணும். அங்கிருந்து பூப்பாறை, போடிமெட்டு வந்து, 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி போடி வரணும். மொத்தம் சுமார் 100 கிலோ மீட்டர். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு.

கொழுக்குமலைக்கும் இதே நிலைமைதான். போடிமெட்டு ஏறி, கேரளாவில் உள்ள சூரியநெல்லி போய், அங்கிருந்து கரடுமுரடான எஸ்டேட் பாதையில் ஜீப்பில் போகணும். சூரிய உதயம் பார்க்க வரும் டூரிஸ்ட்கள் முக்கால்வாசி பேருக்கு தாங்கள் நிற்பது தமிழ்நாடு என்பதே தெரியாது.

வருஷத்துக்கு 6 கிராமசபை கூட்டம் நடத்தணும் என்று 2022ல் இருந்து தமிழ்நாட்டில் நடைமுறை இருக்கிறது. டாப் ஸ்டேஷன்காரர் குரங்கணி பக்கம் நடக்கும் கிராமசபைக்கு வரணும் என்றால் ஒன்று காட்டுக்குள் மலை இறங்கணும், இல்லை என்றால் இன்னொரு மாநிலத்தை சுற்றி வரணும். சொந்த பஞ்சாயத்து கூட்டத்துக்கு வர இப்படி ஒரு பாடு.

ஊர் பேரே சொல்லும் பழைய கதை

மலை மேல் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பேர் எப்படி வந்தது? அங்கே ரெயில் நிலையம் எதுவும் இப்போது இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ரோப்வேதான் காரணம்.

மூணாறு தேயிலையை குண்டளை வழியாக சிறிய ரெயிலில் டாப் ஸ்டேஷன் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து தேயிலை பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்கு அப்போது பாட்டம் ஸ்டேஷன் என்று பேர். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். கீழே இறங்கிய தேயிலை மாட்டு வண்டியில் போடிக்கு வந்து, அப்புறம் தூத்துக்குடி துறைமுகம் போய் கப்பல் ஏறியது. 1924ம் ஆண்டு பெருவெள்ளத்தில் அந்த ரெயில் பாதை அழிந்தது. ரோப்வேயும் பின்னாளில் நின்று போனது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். நூறு வருஷத்துக்கு முன்பு தேயிலை பெட்டி நேராக இறங்கிய மலையில், இன்றைக்கு மனுஷனுக்கு நேர் வழி இல்லை.

1956 நவம்பர் 1ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. தேவிகுளம், பீர்மேடு கேரளாவுக்கு போனது. மலை முகடு மாநில எல்லை ஆனது. அதன் பிறகு முகட்டின் அந்தப்பக்கம் கேரளா ரோடு போட்டது. இந்தப்பக்கம் ரோடு குரங்கணியோடு நின்று விட்டது. எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் தாலுகா ஆபீசுக்கு இங்கேயும், பஸ்சுக்கும் கடைக்கும் அங்கேயும் போக வேண்டியதாகி விட்டது.

எல்லை மூடினால் என்ன ஆகும்?

சாதாரண நாளில் இந்த சுற்றுவழி அலைச்சல், அவ்வளவுதான். எல்லை அடைபட்டால்தான் ஆபத்து. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது எல்லையில் போக்குவரத்து நின்றது. கேரள ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ் தொழிலாளர்கள் பலர் மலைப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். 2020ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது போடிமெட்டு எல்லை மறுபடியும் அடைபட்டது. மழைக்காலத்தில் மெட்டு ரோட்டில் மண் சரிந்தாலும் இதே கதை. அப்படிப்பட்ட நாட்களில் டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைக்கு சொந்த தாலுகாவோடு ரோடு தொடர்பு அறுந்து போகும்.

2018 மார்ச் 11ந் தேதி நடந்ததை போடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கொழுக்குமலையில் இருந்து இறங்கிய மலையேற்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். உயிரிழப்பு 23 ஆனது. அன்றைக்கு முதலில் ஓடிப்போய் ஆட்களை தூக்கியது குரங்கணி சுற்றுவட்டார மக்கள்தான். போர்வையில் டோலி கட்டி இருட்டில் சுமந்து இறக்கினார்கள். ஏன் அப்படி? ஆம்புலன்ஸ் ஏற பாதை இல்லை. வெளியூர் ஆட்களுக்கு அது ஒரு நாள் கொடுமை. மேலே இருப்பவர்களுக்கு பிரசவ வலி என்றாலும் பாம்பு கடி என்றாலும் டோலிதான்.

தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரம் குதிரை முதுகில் மலை ஏறும். போட்டோ பத்திரிகையில் வரும். எண்ணிக்கை முடிந்ததும் குதிரையை மறந்து விடுவார்கள்.

500 பேர் இருந்தால்தான் ரோடு

ரோடு ஏன் வரவில்லை என்று கேட்டால் உடனே வனத்துறையை கை காட்டுவார்கள். அது பாதி உண்மைதான். மீதி பாதி தலைக்கணக்கில் இருக்கிறது.

மத்திய அரசின் பிரதம மந்திரி கிராம சாலை திட்டத்தில் ஒரு குடியிருப்பில் 500 பேர் இருக்கணும். மலை மாநிலம், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடி பகுதி போன்ற இடங்கள் என்றால் 250 பேர் போதும். தமிழ்நாடு மலை மாநிலம் கிடையாது. ஐந்தாவது அட்டவணை பகுதியும் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. மலை இருந்தும் மலை சலுகை இல்லை.

சரி, பழங்குடிக்கு தனி திட்டம் இருக்கிறதே? 2023 நவம்பரில் பிரதமரின் ஜன்மன் திட்டம் வந்தது. அதில் 100 பேர் இருந்தாலே ரோடு போடலாம். ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடி என்று பட்டியலிட்டவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 இனத்தவர்தான் அதில் வருகிறார்கள். இந்த மலையில் இருக்கும் முதுவர்களும், போடி அருகே சிறைக்காட்டில் இருக்கும் பளியர்களும் பட்டியல் பழங்குடியினர்தான், ஆனால் அந்த 6ல் இல்லை.

மலையில் வீடுகள் சரிவுக்கு சரிவு சிதறி கிடக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பத்து வீடு, தோட்டம் இருக்கும் இடத்தில் இருபது வீடு. இப்படிப்பட்ட இடத்தில் தனித்தனியாக 500ஐ எட்டுவது நடக்கிற காரியமா? எல்லாரையும் சேர்த்து ஊராட்சியாக எண்ணினால் கூட்டம் இருக்கும். ரோடு என்று வரும்போது பிரித்து எண்ணுவார்கள். ஆள் குறைந்து போகும்.

வருகிற கணக்கெடுப்பு

கடைசி மக்கள் தொகை கணக்கெடுப்பு நடந்தது 2011ல். அப்போது தேனி மாவட்டத்தில் 12 லட்சத்து 45 ஆயிரத்து 899 பேர். போடி நகராட்சியில் 75 ஆயிரத்து 675 பேர். பட்டியல் வருவாய் கிராமம் வாரியாகத்தான் வெளியாகும். உள்ளே இருக்கும் உட்கடை ஊர்களுக்கு தனி எண் வராது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ந் தேதியை கணக்கு நாளாக மத்திய அரசு அறிவித்து இருக்கிறது. செல்போன் ஆப்பில் பதிவு செய்யும் முறை. இங்கேதான் மலை மக்கள் உஷாராக இருக்கணும். கணக்கெடுக்க வரும்போது எந்த ஊரில் குடியிருக்கிறீர்களோ அந்த ஊர் கணக்கில்தான் சேருவீர்கள். பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டத்து லயன் வீட்டில் மாசக்கணக்கில் தங்கி இருப்பவர் இடுக்கி மாவட்ட கணக்கில் போவார். ஓட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, தலை மட்டும் அங்கே. சொந்த ஊரில் ஆள் குறைந்தால் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரோடு எல்லாத்துக்கும் அதே குறைந்த எண்ணைத்தான் காட்டுவார்கள்.

என்ன வழி?

ரோடு கூடாது என்பவர்கள் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொட்டகுடி ஆறு பிறப்பது இந்த மலையில்தான். போடி குடிக்கிற தண்ணீரும் வயலுக்கு பாயும் தண்ணீரும் அந்த ஆற்றை நம்பித்தான். பெரிய ரோடு போட்டால் பின்னாலேயே ரிசார்ட்டும், நிலம் வளைக்கிற கும்பலும் வரும். மூணாறு பட்ட பாடு கண் முன்னால் இருக்கிறது.

ஆனால் மலை மக்களுக்கு தேவை டூரிஸ்ட் பஸ் போகும் ரோடு இல்லை. ஒரு ஜீப் ஏறும் பாதை போதும். அதற்கு சட்டத்தில் இடமும் இருக்கிறது. 2006ம் ஆண்டு வன உரிமை சட்டம் 3(2) பிரிவில் ரோடு, பள்ளி, மருந்தகம், குடிநீர் உள்பட 13 வகை வசதிகளுக்கு காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்கு குறைவான நிலம், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரைக்கணும். இதுதான் நிபந்தனை. அந்த ஒரு எக்டேருக்குள் நீண்ட பாதை முழுசையும் அடக்க முடியாது. ஆனாலும் ஆபத்தான இடங்களில் பாதையை சீர் செய்ய, ஒரு மருந்தகம் கட்ட இது உதவும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்ற திட்டம் தொடங்கியது. அந்த 40 பாதைகளில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் ஒன்று. டூரிஸ்ட் ஆன்லைனில் பணம் கட்டினால் வழிகாட்டியோடு காட்டுக்குள் போய் வரலாம். நல்ல விஷயம்தான். அதே மலையில் நோயாளியை இறக்கவும் ஒரு பாதை வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

மாவட்ட நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாத வேலை. சென்ட்ரல் ஸ்டேஷனில் எத்தனை பேர், முதுவாக்குடியில் எத்தனை பேர், டாப் ஸ்டேஷனில் எத்தனை பேர், கொழுக்குமலையில் எத்தனை பேர் என்று ஊர் ஊராக தனித்தனி எண்ணை எடுத்து, கிராமசபையில் வாசித்து பதிவு செய்யணும். தோட்ட வேலைக்கு போய் வருகிறவர்களையும் அதில் குறிக்கணும். ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ந் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இந்த வேலைக்கு தேர்ந்தெடுத்த தலைவர்தான் வேண்டும் என்பதில்லை. மலை ஏறிப்போய் எண்ண ஒரு ஆள் இருந்தால் போதும்.