உப்பு திரும்பி வரும் நேரம்

100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் கறியுப்பு கரையும். அதே அளவு தூய எதனோலில் ஒரு கிராம்கூடக் கரையாது. தெளிந்த, செறிந்த உப்புக் கரைசலில் எதனோலை மெல்ல ஊற்றினால் கலங்கும். சற்று நேரத்தில் சோதனைக்குழாயின் அடியில் வெண்துகள்கள் படியும். அயன்களைப் பிரித்துப் பிடித்திருந்த நீரின் பிடி, எதனோல் கூடக்கூடத் தளர்கிறது. சோடியமும் குளோரைட்டும் மறுபடி சேர்ந்துவிடுகின்றன. தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேற்று உரமும் இப்படித்தான் வீழ்படியும். ஹட்டன் மலையில் அந்த உரமூட்டையைச் சுமப்பவரின் பிள்ளை, பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை என்பதற்காக உயர்தர விஞ்ஞானத்தைக் கைவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆய்வுகூடம் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு போத்தல் எதனோலும் நாலு சோதனைக்குழாயும் ஓர் இரசாயன ஆசிரியரும் இந்தத் தவணையிலேயே வரட்டும்.