மலைப் பாதையில் ஹைபிரிட் வண்டி



ஒலுவிலில் இருந்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போகும்போது நமது வண்டிக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடலோரம் நெடுகிலும் சமதரைதான். ஆனால், வைத்தியத்திற்காகவோ பேராதனையில் படிக்கும் பிள்ளையைப் பார்ப்பதற்காகவோ அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் புறப்பட்டால், பெயர்பெற்ற பதினெட்டு வளைவில் ஏறித்தான் ஆகவேண்டும். அதுவரை சத்தமின்றி ஓடிய ஹைபிரிட் கார் அங்கே திடீரென இரையத் தொடங்கும். "வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று பின்னால் இருக்கும் உம்மா பதறுவார். இதை விளக்கும் கைநூலோ, ஜப்பானில் இருந்து வந்த பல வண்டிகளில் ஜப்பான் மொழியில் இருக்கிறது. எனவே, விடயத்தை நாமே விளங்கிக்கொள்வது நல்லது.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸில், சாதாரண வண்டியில் உள்ளதுபோல் ஒன்று, இரண்டு என்று மாறும் கியர்கள் இல்லை. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இம்மூன்றின் வழியாக எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே, எஞ்சின் சுழலும் வேகமும் சக்கரம் ஓடும் வேகமும் ஒன்றாகவே கூடிக் குறையவேண்டும் என்பதில்லை.

வேகத்தைத் தானாகவே நிலைநிறுத்தும் 'குரூஸ் கொன்ட்ரோல்' என்ற வசதியைச் சாரதி போட்டிருந்தால் என்ன நடக்கும்? அதற்குத் தெரிந்த கட்டளை ஒன்றே: "சொன்ன வேகத்தைக் காப்பாற்று." ஏற்றத்தில் வேகம் குறைந்தவுடன் அது கூடுதல் பலம் கேட்கிறது. முதலில் பெற்றரி கைகொடுக்கும். ஏற்றம் நீண்டால் பெற்றரி இறங்கிவிடும். முழுச்சுமையும் எஞ்சின் தலையில் விழும். மாறுவதற்குக் கியர் இல்லாததால் எஞ்சின் ஒரே உச்சத்தில் இரைந்துகொண்டே இருக்கும். இது பழுதல்ல, அதன் இயல்பு.

உண்மையான கவனம் தேவைப்படுவது திரும்பி வரும்போதுதான். இறக்கத்தில் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் கருவியாக மாறி, வண்டியையும் மெல்லப் பிடித்துக்கொள்கிறது. அந்த மின்சாரம் பெற்றரியில் சேர்கிறது. ஆனால், குடம் நிரம்பினால் மேலும் தண்ணீர் கொள்ளாது அல்லவா? பெற்றரியை ஏறத்தாழ 80 வீதத்திற்கு மேல் நிரப்ப இவ்வண்டி விடுவதில்லை. அதன்பின் அந்தப் பிடி குறைகிறது. மிஞ்சிய மின்சாரத்தைச் செலவழிக்க, பெற்றோல் எரிக்காமலே எஞ்சினைச் சுழற்றுகிறது. காலை எடுத்த பிறகும் எஞ்சின் இரைவது இதனால்தான்.

பழைய வகைக் குரூஸ் கொன்ட்ரோல் சக்கரத்தின் பிறேக்கைத் தானாகப் பிடிக்காது. செங்குத்தான இறக்கத்தில் வண்டி, சொன்ன வேகத்தையும் தாண்டி ஓடும். முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்துப் பிறேக் பிடிக்கும் புதிய வகைகூட எல்லா வளைவையும் அறிந்து வேகத்தைக் குறைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே தெற்கு அதிவேகப் பாதை போன்ற அகன்ற வீதிக்கே இது பொருந்தும். பதினெட்டு வளைவில் ஏறும்போதும் வேண்டாம், இறங்கும்போது வேண்டவே வேண்டாம்.

பின் எப்படி இறங்குவது? டொயோட்டாவில் கியர்த் தடியைப் 'பி' என்ற எழுத்துக்கு மாற்றவேண்டும். அப்போது எஞ்சினும் சேர்ந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். விடாமல் பிறேக்கை மிதித்து அது சூடேறினால், அதன் பிடி தளர்ந்துவிடும். அந்த ஆபத்தை இது குறைக்கிறது. சமதரைக்கு வந்ததும் 'டி'க்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பெற்றோல் வீணாகும். பெற்றோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று 'என்' இல் போட்டு இறங்குவது பெரும் தவறு. மோட்டாரின் பிடியும் இராது, பெற்றரிக்கும் மின்சாரம் சேராது.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல. 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டிலும், அதே ஆண்டின் இறுதியில் வந்த வெசல் ஹைபிரிட்டிலும் ஏழு கியர்களும் இரண்டு கிளச்சுகளும் உண்டு. ஏற்றத்தில் கியர் மாறுவதை உடம்பே உணரும். நெரிசலில், ஏற்றத்தில் நிற்கும்போது அக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் கிளச்சைச் சூடாக்கிவிடும். பிறேக்கை மிதித்தே நிறுத்தவேண்டும். சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை தெரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள்.

சகோதரிகளே! நீங்கள் வண்டி ஓட்டாதவராக இருக்கலாம். ஆனால் பிள்ளைகளோடு அதில் இருப்பவர் நீங்கள். மலையேறும் முன் ஓட்டுபவரிடம் கேட்டு வையுங்கள்: குரூஸ் கொன்ட்ரோல் நிறுத்தப்பட்டதா? இறங்கும்போது 'பி'யில் போடுவீர்களா? கணவரோ மகனோ கூலிக்கு வந்த சாரதியோ, கேட்பதில் வெட்கமில்லை. ஏற்றத்தில் வண்டி இரைந்தால் பயப்படாதீர்கள். இறக்கத்தில் அது அமைதியாக ஓடினால் அதை நம்பிக் கண்ணயர்ந்துவிடாதீர்கள்.