மலை வெடித்திருக்க வாய் மூடலாமா?

லயத்தின் பின்புற மண்மேட்டிலே வெடிப்புக் காண்கிறது. நேராய் நின்ற மரம் சாய்கிறது. ஊற்றுநீர் கலங்கி வருகிறது. கண்டவர் பலர், எழுத்தில் அறிவித்தவர் எவருமிலர். ஏனென்று வினவினால், “துரைமார் மானநஷ்ட வழக்குப் போடுவார்களாமே, ஐயா!” என்கின்றனர் நம் தோட்ட மக்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியதை ஊவா மாகாணம் மறக்கவியலாது. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் குடிபெயர வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போவதற்கு வேறு நிலமும் வீடும் ஆயத்தமாயிருந்தனவா? 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. இத்தனைக்குப் பின்னரும் வழக்குக்கு அஞ்சி வாய் மூடியிருப்பது முறையாகுமா?

சட்டம் சொல்வது யாது? அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002இலேயே நீக்கப்பட்டன. ஆகவே, அவதூறுக்காகப் பொலிசில் பிடித்துக்கொடுப்பேன் என்பது வெறும் பூச்சாண்டி. எஞ்சியிருப்பது உரோமன் டச்சுச் சட்டவழி வந்த சிவில் வழக்கு ஒன்றே. நடவடிக்கை எடுக்கும் கடமையுள்ளவரிடம், வஞ்சமின்றி, நேர்மையாகச் செய்யும் முறைப்பாட்டுக்கு அச்சட்டமே காப்பளிக்கிறது. வஞ்சம் கலந்தால் அக்காப்பு அகன்றுவிடும். உண்மை என்ற எதிர்வாதமும் உண்டு. ஆயின் உண்மை மட்டும் போதாது, அதனை வெளியிடுவது பொதுநன்மைக்குரியதாயும் இருத்தல் வேண்டும். படித்தவர்களிலும் பலர் இதனை அறியார்.

“துரை காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்” என்று சந்தியில் நின்று கூவினால், அதனை மெய்ப்பிக்கும் சுமை கூவியவர் தலையிலே விழும். “3ஆம் திகதி ஐந்தாம் லயத்தின் பின்னால் வெடிப்புக் கண்டோம், அன்று பன்னிரண்டடி நீளம், 10ஆம் திகதி பதினைந்தடி, கந்தோரில் சொன்னோம், எவரும் வந்து பார்க்கவில்லை” என்று கண்டதை மட்டும் எழுதினால் வழக்காட இடமேது? முன்னதைக் கோபம் என்று தள்ளிவிடலாம். பின்னதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

அதனைத் தோட்ட முகாமையாளர், கிராம அலுவலர், பிரதேச செயலாளர், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம் ஆகியோர்க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியைப் பேணுக. அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே விடை பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. விடை வாராவிடின், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவ்வலுவலகங்களிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவை முடிவு சொல்லக் கடமைப்பட்டவை. வெலிமடைத் தோட்டக்காரர், தம் காணிக்கு மேலே மண் வெட்டப்படும்போதும் இவ்வழியே செல்லலாம்.

ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டத்தரணிகளே! எழுதத் தெரியாதவர் பக்கத்தில் அமர்ந்து இம்மனுக்களை வரைந்து கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். மழையிரவில் வெடிப்பு விரிந்தாலோ மனு வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற எண்ணில் அழையுங்கள். மனுவை விடிந்தபின் எழுதலாம்.