பல்வலிக்கு ஒரு கிராம்பு... அப்புறம்?

நடுராத்திரியில் பல்வலி என்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் திறப்பது அஞ்சறைப் பெட்டியைத்தான். ஒரு கிராம்பை எடுத்து, வலிக்கிற பல்லில் வைத்து மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மரத்துப்போய் வலி குறையும். காரணம், கிராம்பில் உள்ள யூஜெனால். பல் மருத்துவர்கள் பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் கலவையிலும் இது உண்டு.

ஆனால், குறைவது வலி மட்டும்தான். சொத்தை அப்படியேதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் வேர் வரை இறங்கி, சீழ் பிடிக்கலாம். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

கிராம்புத் தைலம் இன்னும் வீரியமானது. ஈறு புண்ணாகலாம். குழந்தைகள் விழுங்கினால் கல்லீரலையே பாதிக்கும். கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ராத்திரி கிராம்பு கடித்தவர்கள், காலையில் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்!