டிபரன்சலைப் பூட்டுமுன் ஒரு நிமிடம்

என்னிடம் படித்த தம்பி ஒருவர், பெரிய என்ஜின் ஏற்றிய தன் டபள் கெப்போடு வந்தார். "டிபரன்சலை லொக் பண்ணினால் ரெண்டு சில்லும் சேர்ந்து இழுக்கும்தானே சேர்?" என்று கேட்டார்.

இழுக்கும்தான். வயல் சேற்றில் ஒரு சில்லு சும்மா சுற்றும்போது அதைப் போல உதவி வேறில்லை. டிராக்டரில் லொக் இருப்பதும் அதற்காகத்தான். ஆனால் வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும். பூட்டிய டிபரன்சல் அதற்கு விடாது. டயர் தேயும், எக்ஸலுக்குப் பாரம் கூடும். மழை நனைத்த தார் வீதியில் எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

லிமிடெட் ஸ்லிப் வளைவில் விட்டுக்கொடுக்கும். ஒரு சில்லு வழுக்கினால் மற்றதற்கும் பலத்தைக் கொடுக்கும். சில்லு அந்தரத்தில் நின்றால் மட்டும் அதன் உதவி குறைவு. கிளச் வகையென்றால் அதற்குரிய ஒயிலே ஊற்ற வேண்டும்.

என் கருத்து இதுதான்: தினமும் தார் வீதியில் ஓடுபவருக்கு லிமிடெட் ஸ்லிப். வயலுக்கும் போகிறவருக்கு சுவிட்சில் போட்டு எடுக்கும் லொக்கர். வீதிக்கு ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். காசு மிச்சமென்று டிபரன்சலை வெல்டிங் மட்டும் பண்ணாதீர்கள் தம்பிமாரே. பாடசாலை விடும் நேரம் அந்த வீதியோரம் நடப்பது நம் பிள்ளைகள்தான்.