சாரதியைப் பிடித்தாயிற்று, லொறிக்கு அடியில் பார்த்தவர் யார்?

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த லொறி வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்தது. சாரதி கைது செய்யப்பட்டுள்ளார். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." இந்த மூன்று வாக்கியங்களையும் இலங்கையின் தமிழ்ப் பத்திரிகை வாசகர் எவரும் மனப்பாடமாக ஒப்புவிப்பார். ஊர் மாறும், வாக்கியங்கள் மாறா. கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்த மேலதிக விசாரணை கண்ட விடை மறுநாள் பத்திரிகையில் வருவது அரிது. சாரதி தூங்கினார், மது அருந்தினார், பிறேக் பிடிக்கவில்லை என்ற மூன்று காரணங்களுள் ஒன்றோடு எமது சமூகம் திருப்தியடைந்துவிடுகிறது. லொறியின் பின்பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

சீமெந்து மூட்டையோ மணலோ ஏற்றிய லொறியின் சுமையிற் பெரும்பகுதி பின் அச்சின் மீதே இறங்குகிறது. அச்சுக்கும் சேஸிக்கும் இடையில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகள். அந்த அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். தகடுகளை ஊடுருவி அவற்றை இடம் மாறாமல் வைத்திருப்பது ஒரேயொரு நடு போல்ட். சுமை தாங்குவதோடு இவற்றின் பணி முடிவதில்லை. அச்சை நேராக நிறுத்துவதும் இவையே. யூ போல்ட் தளர்ந்தால் அடுக்கு அசையத் தொடங்கும். அந்த அசைவை எல்லாம் நடு போல்ட் தாங்க நேரும். அது முறிந்தால் அச்சு ஒரு பக்கமாக விலகும். அதன்பின் ஸ்டியரிங் சாரதியின் கையில் இருக்கும். லொறியின் போக்கைப் பின் சக்கரங்களும் தீர்மானிக்கும். முன்பகுதி ஒரு கோட்டிலும் பின்பகுதி வேறொரு கோட்டிலுமாக நண்டைப் போல ஓடும் லொறிகளை ஏ9 வீதியில் சென்றுவந்தோர் கண்டிருப்பர்.

இந்தக் கோளாறு பெரும்பாலும் முன்னறிவித்தே வருகிறது. யூ போல்ட் நட்டின் அருகே வழிந்த துருக்கோடு, அங்கே அசைவு இருப்பதைச் சொல்கிறது. தகடுகள் உரசிப் பளபளத்த இடமும் அதையே சொல்கிறது. நடு போல்ட் துவாரத்தின் அருகில் மயிரிழை போன்ற வெடிப்பு, வரிசை விலகிய தகடு, தேய்ந்த புஷ், சமதரையிலும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் பெட்டி, ஒரு பக்கம் மட்டும் தேயும் ரயர்: இவற்றைக் காண்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. சேற்றைக் கழுவிவிட்டு, சக்கரத்துக்கு அடைகொடுத்து, டோர்ச் லைட்டுடன் குனிந்து பார்க்கும் ஒருவர் போதும்.

அப்படிப் பார்த்தபின் நடப்பதுதான் கொடுமை. "முதலாளி, இன்னுமொரு தகடு போட்டால் தாங்கும்" என்பார் கராஜ்காரர். முதலாளியின் முகம் மலரும். தகடு கூடுகிறது, பிறேக் கூடுவதில்லை. அச்சு அதே அச்சு, ரயர் அதே ரயர், சேஸி அதே சேஸி. ஸ்பிரிங் விறைத்துப்போவதால் குழியில் விழும் அடியெல்லாம் சேஸிக்குப் போகிறது. வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின் சக்கரங்கள் துள்ளித் தரைப்பிடியை இழக்கின்றன. முறிந்த தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டுவோரும் உளர். ஸ்பிரிங் உருக்கின் உரம் வெல்டிங் சூட்டில் அழிந்துவிடும். ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே அது மீண்டும் முறியும்.

உரிமையாளர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 வரை அந்தத் தடை முழுமையாக நீங்கவில்லை. 2022 இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. உதிரிப்பாகங்களும் உடன் ஏறின. பழைய லொறிகள் மேலும் பழையனவாயின. இவை உண்மை. ஆனால், பழைய லொறிக்கு அதிகம் வேண்டியது பரிசோதனை. எமது முதலாளிமார் அதிகமாக்கியதோ பாரத்தை. நட்டை இறுக்குவதற்கு டொலர் வேண்டியதில்லை.

தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்பர். ஆண்டுக்கு ஒரு நாள் பெறும் சான்றிதழ் அந்த ஒரு நாளுக்கே சாட்சி. புகைப் பரிசோதனையோ புகைக்குழாயோடு நின்றுவிடுகிறது. மீதி 364 நாட்களும் லொறிக்கு அடியில் பார்க்கும் கடமை எவருடையது?

அமெரிக்காவின் கூட்டாட்சி விதி 393.207, ஸ்பிரிங் தகடு எதுவும் வெடித்தோ முறிந்தோ இடம் மாறியோ இருக்கக் கூடாது என்கிறது. ஓர் அடுக்கின் தகடுகளில் நாலில் ஒரு பங்கு முறிந்திருந்தால் வீதிப் பரிசோதகர் லொறியை அங்கேயே நிறுத்திவிடுவார். பிரித்தானியாவின் பாத் நகரில் 2015 பெப்ரவரி 9 ஆம் திகதி, சரிவில் இறங்கிய டிப்பர் மோதி 4 வயதுச் சிறுமியும் மூன்று ஆண்களும் இறந்தனர். அங்கே பழுதாகியிருந்தது பிறேக். 2016 டிசம்பரில் உரிமையாளரும் மெக்கானிக்கும் மனிதக் கொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பின்னர் சிறை சென்றனர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இளம் சாரதி விடுவிக்கப்பட்டார்.

எமது நாட்டில் இதை எண்ணிப் பார்க்க முடிகிறதா? நாட்சம்பளத்துக்கு ஓடும் சாரதி "ஸ்பிரிங் சரியில்லை, இன்று எடுக்க மாட்டேன்" என்றால், நாளை அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார். மறுக்க உரிமையில்லாதவனிடம் முழுப் பொறுப்பையும் சுமத்துவது நீதியாகாது. அடியில் பார்த்தவர் திகதியிட்டுக் கையெழுத்திடும் பதிவேடு ஒவ்வொரு லொறியிலும் இருக்க வேண்டும். குறையை எழுதிக் கொடுத்த சாரதியை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் இடமளிக்கக் கூடாது. உயிர் போன விபத்தில், அந்தப் பதிவேடு வெறுமையாக இருந்தால் உரிமையாளர் கூண்டில் ஏற வேண்டும்.

அதுவரை அந்த மூன்று வாக்கியங்களே மீண்டும் மீண்டும் அச்சாகும்.