வள்ளத்தில் கொட்டினால்தான் கணக்கு!

சென்ற வாரம் பரணைச் சுத்தம் பண்ணச் சொல்லி வீட்டில் உத்தரவு. பழைய அண்டாவுக்குப் பின்னால் பழுப்பேறிப் போய் ஒரு டி.வி. கேம் பெட்டி! என் பத்து வயது முழுப் பரீட்சை லீவை மொத்தமாகத் தின்ற பெட்டி.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் விட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல் அது. தெருவுக்குத் தெரு வேறு பெயரில் விற்பார்கள். உள்ளே சரக்கு ஒன்றுதான். அந்தச் சரக்கில் மெயின் மெமரி எவ்வளவு தெரியுமோ? 2 கிலோபைட். அதாவது 2,048 பைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையில் பாதிகூட அதில் கொள்ளாது!

பின்னே மாரியோ எப்படி ஓடினான்? அவன் படம், பாட்டு, சட்டதிட்டம் எல்லாம் கேஸட்டுக்குள் 40 கிலோபைட்டில், அச்சடித்த புத்தகம் மாதிரி நிரந்தரமாக இருக்கும். மெமரி என்பது வெறும் சிலேட்டு. ஆள் எங்கே நிற்கிறான், காசு எத்தனை, லைஃப் எத்தனை... இதை மட்டும் விநாடிக்கு ஐம்பது, அறுபது தடவை அழித்து அழித்து எழுதும்.

லைஃப் கணக்குக்கு ஒரே ஒரு பைட். 127 வரை வரவு, தாண்டினால் பற்று! ஆமையை மிதித்து மிதித்து லைஃப் சேர்த்த பேராசைக்காரர்களுக்கு, அடுத்து ஒரு தடவை செத்ததுமே ‘கேம் ஓவர்’. பி.காம். படித்த எனக்கு இந்த பேலன்ஸ் ஷீட் ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் எட்டாவது உலகம், கடைசிக் கோட்டை. ராஜகுமாரிக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறேன். பாட்டி சட்னி அரைக்க பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். சிலேட்டு சுத்தம்! நான் சோறு தின்னாமல் அழ, தாத்தா சிரித்தார். 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கியவர் அவர்.

‘‘ஏலே, அடியில சிப்பிய அள்ளிப் பையில போடுவோம். மூச்சு முட்டுனா கயித்த ஆட்டணும், மேல தூக்கிருவாவ. பை நழுவிட்டுன்னா போச்சு. கீழ அள்ளுனது கணக்கில்ல. வள்ளத்துல கொட்டுனாத்தாம்ல கணக்கு!’’

கொட்டி வைக்கிற வித்தையும் இருந்தது. 1987-ல் அமெரிக்காவில் வந்த ‘செல்டா’ கேஸட்டுக்குள் குட்டி பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் விட்ட இடம் மறக்காது. நம் கேஸட்டில் அதெல்லாம் ஏது?

பெட்டியைத் துடைத்து, கேஸட்டை ஊதி, டி.வி.யில் மாட்டினேன். ஓடியது! ஸ்கோர் ஆறு பூஜ்யம். என்னை அடையாளமே தெரியவில்லை அதற்கு.

தாத்தா இப்போது இல்லை. எத்தனை பாகம் ஆழம், எப்படி மூச்சடக்கினார், அந்த வருஷம் என்ன கிடைத்தது... எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் மாரியோ ஆடிக்கொண்டே ‘ம்’ கொட்டினேன். வள்ளத்தில் கொட்டவில்லை.

பாட்டி இருக்கிறாள். அவளிடமும் பாதிக் கதை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காரப்போகிறேன்.

நடுவில் மிக்ஸி போட எழுந்து போகாமல் இருக்க வேண்டும்!